நடுச்செவி நீரில் "கிருமி வளரவில்லை" என்று அறிக்கை, ஆனால் மருத்துவர் பயோஃபிலிம் என்கிறார்: இரண்டும் எப்படிப் பொருந்தும்?

கேள்வி: பொருநைக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஐந்து வயது நடக்கிறது. சென்ற ஆண்டு மழைக்காலம் தொடங்கியதிலிருந்து சளி பிடிக்கும்போதெல்லாம் அவனுக்குக் காய்ச்சலும் காது வலியும் சேர்ந்தே வந்தன. ஒவ்வொரு முறையும் குழந்தை நல மருத்துவர் அமாக்சிசிலின் சிரப் எழுதித் தந்தார். ஓரிரு நாளில் வலி அடங்கிவிடும். ஆனால் கோடை வந்து சளியெல்லாம் போன பிறகும் அவனுக்குக் காது மந்தமாகவே இருந்தது. தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைப்பான். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான். வகுப்பில் கவனம் இல்லை என்று ஆசிரியை டைரியில் எழுதி அனுப்பினார்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரி சோதனை செய்து பார்த்தபோது இரண்டு காதுகளுக்கும் மேடே இல்லாத தட்டைக் கோடுதான் வந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறது, பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும் என்று சொல்லி மூன்று மாதத்துக்கும் மேல் காத்திருந்தார். வற்றவில்லை என்றானபின் இரண்டு காதுகளிலும் செவிப்பறையில் துளையிட்டுக் கிராமெட் என்னும் சிறு குழாய் பொருத்தி, அதே மயக்க மருந்திலேயே அடினாய்டு சதையையும் அகற்றினார். உள்ளிருந்து வந்தது நீர் அன்று, இழுத்தால் கயிறு போல் நீளும் பசை. அதை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். "கிருமி வளர்ச்சி இல்லை" என்று அறிக்கை வந்தது.

என் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அறிக்கையைப் பார்த்த மருத்துவர், "கிருமி இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை, இது பயோஃபிலிமாக இருக்கும்" என்றார். அப்படியானால் ஆன்டிபயாடிக் தரவேண்டாமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த நோயாளி காத்திருந்ததால் மேற்கொண்டு கேட்க முடியவில்லை. வீட்டில் என் சித்தப்பா, வீரியமான மருந்தை ஒரு மாதம் தொடர்ந்து கொடுத்திருந்தால் அறுவை சிகிச்சையே தேவைப்பட்டிருக்காது என்கிறார். கிருமி இருந்தும் ஆய்வில் வளராமல் போவது எப்படி? இருக்கிறது என்றால் மருந்து ஏன் வேண்டாம்? காதில் உள்ள நோய்க்கு மூக்கின் பின்னால் உள்ள சதையை ஏன் எடுத்தார்கள்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

மறுமொழி 1: அகார்த்தட்டு

ஐயா, நான் மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். சிகிச்சையைப் பற்றி மருத்துவர்கள்தாம் சொல்லவேண்டும்.

"வளர்ச்சி இல்லை" என்று நாங்கள் எழுதும்போது, எங்களுக்கு வந்து சேர்ந்த மாதிரியை நாங்கள் வைத்திருந்த ஊட்டத்தட்டில் தடவி, 37 டிகிரி வெப்பத்தில் இரண்டு நாள் வரை வைத்துப் பார்த்தும் கண்ணுக்குத் தெரியும் அளவில் எந்தக் கூட்டமும் முளைக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறோம். தட்டில் முளைக்கவேண்டுமானால் பாக்டீரியா தனித்தனியாக இருக்கவேண்டும், விரைந்து பெருகும் நிலையில் இருக்கவேண்டும். பசைக்குள் ஒட்டிக் கிடப்பவையும் மெதுவாக இயங்குபவையும் அந்த இரண்டு நாளில் தலைகாட்டுவதில்லை. போதாக்குறைக்கு, நடுச்செவியில் மிகுதியாகக் காணப்படும் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சே சாதாரணத் தட்டில் வளரவே வளராது. அதற்குச் சூடாக்கிய இரத்தம் சேர்த்த சாக்லேட் அகார் என்னும் ஊட்டத்தட்டும் கரியமில வாயு கூடிய சூழலும் தேவை. மாதிரி வந்து சேரச் சில மணி நேரம் தாமதமானாலும் அது செத்துவிடக்கூடும். பசையைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு அனுப்பினால் பாதி குச்சியிலேயே தங்கிவிடும். இவையெல்லாம் எங்கள் அன்றாடப் பாடு.

ஆனால் உங்கள் மருத்துவர் சொன்னது இந்த நடைமுறைக் கோளாறுகளைப் பற்றி மட்டும் அன்று. நீண்ட காலம் நீர் கட்டிய காதுகளில் பெரும்பாலானவற்றில் எதுவும் வளராததால், கிருமி என்றோ போய்விட்டது, எஞ்சியிருப்பது வெறும் அழற்சி நீர்தான் என்றே மருத்துவ உலகம் பல காலம் நம்பியிருந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கிறிஸ்டோபர் போஸ்ட், கார்த் எர்லிக் ஆகியோரின் குழு 1995இல் அந்த நம்பிக்கையை அசைத்தது. நீர் கட்டிய காதுகளிலிருந்து எடுத்த 97 மாதிரிகளை அவர்கள் தட்டிலும் வளர்த்துப் பார்த்தார்கள், பி.சி.ஆர். முறையில் மரபணுவையும் தேடிப் பார்த்தார்கள். நடுச்செவியின் மூன்று முக்கியக் கிருமிகளான ஹீமோஃபிலஸ், நியூமோகாக்கஸ், மொராக்செல்லா ஆகியவற்றில் ஒன்றாவது இரண்டு முறைகளிலும் தெரிந்த மாதிரிகள் 28 மட்டுமே. தட்டில் ஒன்றும் முளைக்காத மேலும் 47 மாதிரிகளில் மரபணு கிடைத்தது.

செத்த கிருமியின் மரபணு மிச்சமாகக் கிடக்கக்கூடாதா என்று உடனே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்காக அதே குழுவினர், புரதம் உண்டாக்குவதற்காக மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகலான தூதுவர் ஆர்.என்.ஏ.வைத் தேடினார்கள். பாக்டீரியாவின் தூதுவர் ஆர்.என்.ஏ. நிமிடக் கணக்கில் சிதைந்துபோகும் பொருள். அது கிடைக்கிறது என்றால் அதை உண்டாக்கும் உயிர் அங்கே இயங்கிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். தட்டில் எதுவும் வளராத மாதிரிகளிலும் அது கிடைத்ததாக 1998இல் வெளியிட்டார்கள்.

கிருமி உயிரோடு இருக்கிறது, ஆனால் தட்டில் வளரவில்லை. அப்படியானால் எங்கே, எந்த வடிவில் இருக்கிறது? பயோஃபிலிம், அதாவது உயிரிப்படலம், என்ற விடை இங்கேதான் நுழைகிறது. மொன்டானாவின் போஸ்மன் நகரில் பணியாற்றிய வில்லியம் காஸ்டர்டன் ஆற்றுப் பாறைகளிலும் மருத்துவக் கருவிகளிலும் படரும் இப்படலங்களைப் பற்றி 1970களிலிருந்தே எழுதிவந்தவர். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவும்போது சுவரில் கை வழுக்குமே, அந்த வழுவழுப்பும் இந்த இனம்தான்; தொட்டி நீரை எத்தனை முறை வடித்தாலும் சுவரில் ஒட்டியது போகாது. 2002இல் தென்னமெரிக்கக் கொறிவிலங்கான சின்சில்லாவின் நடுச்செவியில் ஹீமோஃபிலஸைச் செலுத்தி, 24 மணி நேரத்துக்குள்ளேயே சளிச்சவ்வின்மீது படலம் உருவாகத் தொடங்குவதை மின்னணு நுண்ணோக்கியில் காட்டினார்கள். 2006இல் குழந்தைகளிடமே பார்த்தார்கள். கிராமெட் வைக்க வந்த 26 குழந்தைகளின் நடுச்செவிச் சவ்விலிருந்து எடுத்த 50 துணுக்குகளை, ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனி ஒளிர்நிறம் ஏற்றும் முறையில் கன்ஃபோக்கல் நுண்ணோக்கியில் பார்த்தபோது 46 துணுக்குகளில் உயிரிப்படலம் தென்பட்டது. ஒப்பீட்டுக்காக, செவித்திறன் இழந்தவர்களுக்கான காக்ளியர் கருவி பொருத்த வந்தவர்களிடமிருந்து எடுத்த 8 துணுக்குகளில் ஒன்றிலும் இல்லை. எட்டு என்பது சிறிய எண் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

ஆக, நீங்கள் அனுப்பியது காதில் தேங்கிய பசை. கிருமி குடியிருந்தது பெரும்பாலும் அந்தப் பசைக்கு அடியில் உள்ள சவ்வில். அந்த அறிக்கையும் உங்கள் மருத்துவர் சொன்னதும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

---

மறுமொழி 2: செவிப்பறை (காது மூக்கு தொண்டை மருத்துவர்)

மேலே எழுதியவர் ஆய்வகப் பக்கத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். உங்கள் சித்தப்பாவின் கேள்வியை நானும் புறநோயாளிப் பிரிவில் நாள்தோறும் கேட்கிறேன். அதில் தவறேதும் இல்லை. கிருமி இருந்தால் மருந்து கொடுக்கவேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் தோன்றும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். காய்ச்சலும் வலியுமாக வந்தது தீவிர நடுச்செவி அழற்சி. அப்போது பாக்டீரியா நீரில் தனித்தனியாக மிதந்து வேகமாகப் பெருகுகிறது. அமாக்சிசிலின் வேலை செய்கிறது. உங்கள் மகனுக்கும் ஓரிரு நாளில் வலி அடங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு தங்கிப்போன நீர் வேறொரு கட்டம். தீவிர அழற்சி தணிந்த பிறகும் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு ஒரு மாதம் வரையிலும், 10 விழுக்காட்டினருக்கு மூன்று மாதம் வரையிலும் நீர் இருக்கும். உங்கள் மருத்துவர் காத்திருந்ததற்குக் காரணம் இதுதான்: பெரும்பாலோருக்குக் கத்தி படாமலேயே வற்றிவிடும்.

வற்றாமல் நிற்கும் சிலருக்கு ஆன்டிபயாடிக் ஏன் பயன்படுவதில்லை? படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியாவைக் கொல்ல, மிதக்கும் அதே பாக்டீரியாவுக்குத் தேவைப்படுவதைப்போல் நூறு மடங்கிலிருந்து ஆயிரம் மடங்கு வரை மருந்து தேவைப்படலாம் என்று ஆய்வக அளவீடுகள் காட்டுகின்றன. மருந்து உள்ளே நுழையவே முடியாது என்று சிலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். பல மருந்துகள் நுழைந்துவிடுகின்றன. ஆனால் படலத்தின் அடித்தளத்தில் ஆக்சிஜனும் உணவும் குறைவாக இருப்பதால் அங்குள்ள செல்கள் பெருகுவதை ஏறத்தாழ நிறுத்திவிட்டுக் கிடக்கின்றன. அமாக்சிசிலின் போன்றவை செல்சுவர் கட்டப்படும் வேளையில் அதைக் குலைத்துக் கொல்லும் மருந்துகள். சுவர் கட்டும் வேலையே நடக்காத செல்லை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. பெனிசிலின் கொடுத்தும் சாகாமல், அதே நேரம் எதிர்ப்பாற்றலும் பெறாமல், ஒரு சிறு பகுதி பாக்டீரியா தங்கிவிடுவதை ஜோசப் பிக்கர் 1944இலேயே கவனித்து எழுதியிருக்கிறார். சிரப்பை நிறுத்தியதும் இவை மீண்டும் பெருகத் தொடங்கும்.

அந்த நூறு மடங்கை எட்டும்வரை வாய்வழி மருந்தைக் கூட்ட முடியாது. அதற்கு முன்பே குழந்தையின் குடலும் சிறுநீரகமும் தாங்காது. ஒரு மாதம் நீட்டினாலும் படலம் அப்படியே இருக்கும். குடலிலும் தொண்டையிலும் உள்ள மற்றக் கிருமிகள் மட்டும் எதிர்ப்பாற்றல் பழகிக்கொள்ளும். அதனால்தான் வலியோ காய்ச்சலோ இல்லாத வெறும் நீர்க்கட்டுக்கு ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு, சளி மாத்திரை ஆகிய எதையும் வழக்கமாகத் தரவேண்டாம் என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

கிராமெட் செய்வது மருந்தின் வேலை அன்று. நடுச்செவியை மூக்கின் பின்புறத்தோடு இணைக்கும் ஊஸ்டேஷியன் குழாய், குழந்தைகளிடம் பெரியவர்களுடையதைவிடக் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால் எளிதில் அடைபடும். நடுச்செவிக்குக் காற்று போவது நின்றுவிடும். கிராமெட் அந்தக் காற்றை வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே விடுகிறது. காற்றுப் பட்டதும் சவ்வின் வீக்கம் வாடி, பசை சுரப்பது குறைந்து, உடலின் பாதுகாப்புச் செல்கள் எஞ்சியதை மெல்ல அப்புறப்படுத்த வழி பிறக்கிறது. கேட்கும் திறனும் பெரும்பாலும் உடனே திரும்பிவிடும்.

அடினாய்டைப் பொறுத்தவரை, அது ஊஸ்டேஷியன் குழாயின் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் மடிப்புகளுக்குள் இதே மூன்று கிருமிகளின் படலங்கள் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அளவில் பெரிதாகிக் குழாயை அடைப்பது ஒரு காரணம். கிருமிக்கு நிலையான இருப்பிடமாக அமைவது இன்னொரு காரணம். நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் அதை அகற்றுவது மீண்டும் கிராமெட் வைக்கவேண்டிய தேவையைக் குறைக்கிறது. உங்கள் மகனின் வயதுக்கு அது பொருத்தமான முடிவுதான்.

இனி ஒரு நடைமுறைச் செய்தி. கிராமெட் இருக்கும் காதில் பின்னாளில் சீழ் வடிந்தால் பயப்படவேண்டாம். ஆனால் சிரப்பைத் தேடி ஓடவும் வேண்டாம், சொட்டு மருந்து போதும். சிப்ரோஃபிளாக்சசின் 0.3 விழுக்காட்டுச் சொட்டு மருந்தின் ஒரு மில்லிலிட்டரில் 3,000 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது. அதே மருந்தை 500 மில்லிகிராம் மாத்திரையாக விழுங்கும் பெரியவரின் இரத்தத்தில் உச்ச அளவே ஒரு மில்லிலிட்டருக்கு இரண்டு மூன்று மைக்ரோகிராம்தான். நான் சொன்ன அந்த நூறு மடங்கு, ஆயிரம் மடங்கைக் குழாயின் துளை வழியாக நேரே சேர்த்துவிடலாம் என்பது இங்குள்ள வசதி. நெதர்லாந்தில் 230 குழந்தைகளிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில் வேறு ஆன்டிபயாடிக்குகளும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு மருந்தைப் பயன்படுத்தினார்கள். இரண்டு வாரம் கழித்தும் சீழ் நிற்காதவர்கள் சொட்டு மருந்துக் குழுவில் 5 விழுக்காடு, வாய்வழி மருந்துக் குழுவில் 44 விழுக்காடு, எதுவும் கொடுக்காமல் கவனித்த குழுவில் 55 விழுக்காடு. சொட்டு விட்ட பிறகு காதின் முன்னாலுள்ள சிறு குருத்தெலும்பை நாலைந்து முறை மெல்ல அழுத்திவிடுங்கள். மருந்து குழாய்க்குள் இறங்கும்.

---

மறுமொழி 3: ஒளிர்நிறம்

உயிரிப்படலங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். படலம் எதனால் ஆனது என்பதை யாரும் சொல்லவில்லை. இந்தத் துறையில் என்னை ஈர்த்ததே அதுதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

சர்க்கரைச் சங்கிலிகளும் புரதமும் சேர்ந்த பசை என்றே பாடநூல்களில் படித்திருப்போம். நடுச்செவியைப் பொறுத்தவரை கட்டுமானத்தின் முதுகெலும்பு டி.என்.ஏ. பாக்டீரியா தன் செல்லுக்கு வெளியே டி.என்.ஏ.வை விட்டு, அந்த இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி வலையாக்கிக்கொள்கிறது. சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவின் இளம் படலத்தின்மீது டி.என்.ஏ.வை அறுக்கும் நொதியை ஊற்றினால் படலம் கரைந்துவிடுகிறது என்று 2002இல் காட்டப்பட்டது. ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் லாரன் பக்கலெட்ஸ், ஸ்டீவன் குட்மன் ஆகியோர் ஹீமோஃபிலஸின் படலத்தை ஆராய்ந்து, இழைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் முடிச்சுகளில் ஐ.எச்.எஃப்., எச்.யு. என்னும் இரண்டு புரதங்கள் அமர்ந்து வலையைத் தாங்கிப் பிடிப்பதைக் கண்டார்கள். அந்தப் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடியைச் செலுத்தினால் முடிச்சுகள் தளர்ந்து வலை சரிகிறது. வெளியே வந்த பாக்டீரியா ஆன்டிபயாடிக்குக்கு எளிதில் பலியாகிறது. சின்சில்லாவின் காதில் இது நன்றாக வேலை செய்தது. காது நோய்க்கான மருந்தாக இன்னும் நம் கைக்கு வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், டி.என்.ஏ. முழுவதும் பாக்டீரியாவுடையது அன்று. நம் வெள்ளணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில்கள் கிருமியைப் பிடிப்பதற்காகத் தம் டி.என்.ஏ.வையே வலையாக வீசி மடிகின்றன. மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் குழந்தைகளின் காதுப் பசையில் இந்த வலைகளையும், அவற்றுக்குள் படலமாக வாழும் பாக்டீரியாவையும் சேர்த்தே கண்டு 2013இல் வெளியிட்டார்கள். பிடிக்க வீசிய வலையைக் கிருமி தன் வீட்டுக்குக் கூரையாக்கிக்கொண்டிருக்கிறது. பொருநைக்கரையான் பார்த்த அந்தக் கயிறு போல் நீளும் தன்மைக்குச் சளியிலுள்ள மியூசின் புரதத்தோடு இந்த டி.என்.ஏ.வும் காரணம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் நுரையீரல் நோயில் சளியை இளக்கப் பயன்படும் டோர்னேஸ் ஆல்ஃபா என்ற, டி.என்.ஏ.வை அறுக்கும் நொதியைக் கிராமெட் வைக்கும்போது காதில் விட்டுப் பார்க்கும் முயற்சி ஆஸ்திரேலியாவில் பிறந்தது இதனால்தான். அது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகிவிடவில்லை.

படலத்தில் ஒரே இனம் குடியிருக்கவேண்டும் என்பதும் இல்லை. மொராக்செல்லா கட்டராலிஸ் தான் சுரக்கும் பீட்டா லாக்டமேஸ் நொதியால் அமாக்சிசிலினைச் சிதைத்துவிடுவதால், எந்த எதிர்ப்பாற்றலும் இல்லாத பக்கத்து நியூமோகாக்கஸும் தப்பித்துக்கொள்கிறது. தட்டில் வளர்த்து மருந்து உணர்திறன் சோதனை செய்யும்போது இரண்டும் தனித்தனியாகத்தான் சோதிக்கப்படுகின்றன. காதுக்குள் அவை ஒன்றாக வாழ்கின்றன.

ஒவ்வொரு சளிக்கும் ஏன் காது வலி வருகிறது என்பதற்கும் இங்கே ஒரு விளக்கம் உண்டு. மூக்கின் பின்புறத்தில் படலமாகச் சாதுவாக இருக்கும் நியூமோகாக்கஸ், இன்ஃபுளுயன்சா வைரஸ் தொற்றும்போது உண்டாகும் காய்ச்சல் வெப்பத்தையும், பாதிக்கப்பட்ட செல்களிலிருந்து கசியும், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. போன்ற பொருள்களையும் உணர்ந்து, படலத்தை விட்டு வெளியேறுகிறது என்று 2013இல் எலிகளிடமும் செல் வளர்ப்பிலும் காட்டினார்கள். அப்படி வெளியேறியவை, படலத்தில் இருந்தவற்றைவிடக் கடுமையாக நோயூட்டின.

---

மறுமொழி 4: பாலவாகடம் (குழந்தை நல மருத்துவர்)

மூவரும் எழுதியவற்றை மறுக்கவில்லை. ஆனால் சற்று நிதானம் வேண்டும் என்று நினைக்கிறேன். குணமாகாத ஒவ்வொரு நோய்க்கும் உயிரிப்படலத்தைக் காரணம் காட்டுவது இப்போது ஒரு வழக்கமாகிவருகிறது. காது நோயே இல்லாமல், குறட்டைக்காக அகற்றப்பட்ட அடினாய்டுகளிலும் படலங்கள் காணப்படுகின்றன. எனவே படலம் இருப்பது வேறு, அதுதான் நோயை நடத்துகிறது என்பது வேறு. ஊஸ்டேஷியன் குழாயின் அமைப்பு, குழந்தைகள் நெருங்கிப் பழகும் மழலையர் பள்ளி, வீட்டில் புகைப்பவர், ஒவ்வாமை ஆகிய பலவும் சேர்ந்துதான் ஒரு காது நீர் வற்றாமல் நிற்கிறது. மேலும், எந்த மருத்துவமனையிலும் உங்கள் மகனின் காதில் படலத்தைப் படம் பிடித்துப் பார்த்திருக்கமாட்டார்கள். மருத்துவர் சொன்னது நோயின் போக்கை வைத்துச் செய்த ஊகம். நல்ல ஊகம்தான், ஆனால் ஊகம்.

தடுப்பூசி பற்றியும் ஒரு குழப்பம் பலருக்கு உண்டு. ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியில் ஹீமோஃபிலஸும் இருக்கிறதே, பிறகு எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். அந்த ஊசி மூளைக்காய்ச்சலை உண்டாக்கும், உறை கொண்ட பி வகைக்கு எதிரானது. காதில் குடியிருப்பது உறையே இல்லாத வகை. அதன்மேல் அந்த ஊசிக்கு எந்த வேலையும் இல்லை. நியூமோகாக்கஸ் ஊசியும் நாம் எதிர்பார்க்கும் அளவுக்குக் காது வலியைக் குறைப்பதில்லை. பின்லாந்தில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், ஊசியில் அடங்கிய வகைகளால் வந்த காது அழற்சி 57 விழுக்காடு குறைந்தது. எல்லாக் காது அழற்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் குறைந்தது 6 விழுக்காடுதான். நிமோனியாவுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் அது இன்றியமையாதது என்பதால் தவறாமல் போடுங்கள். காதுக்கான உத்தரவாதமாக மட்டும் அதை நினைக்கவேண்டாம்.

---

பொருநைக்கரையான்

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. சித்தப்பாவிடம் அந்த மூவாயிரம் மைக்ரோகிராம் கணக்கைச் சொன்னேன், மறுபேச்சு இல்லை. அவர் இப்போது தமக்காக ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறார். அவருக்குச் சிறுவயதிலிருந்தே இடது காதில் சீழ் வடிவதும் நிற்பதுமாக இருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை என்று எப்போதோ சொன்னார்களாம். வடியும்போது பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் விட்டுக்கொள்வார். அதுவும் இதே படலம்தானா?

---

மறுமொழி 5: செவிப்பறை

எண்ணெயை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஓட்டையுள்ள செவிப்பறை வழியாக அது நேரே நடுச்செவிக்குள் போய்த் தங்கும். எண்ணெய் ஈரத்தில் பூஞ்சையும் சேர்ந்துகொண்ட காதுகளை நான் நிறையச் சுத்தம் செய்திருக்கிறேன்.

அவருடையது நாள்பட்ட சீழ் வடியும் நடுச்செவி அழற்சி. இங்கே கிருமிகளே வேறு: சூடோமோனாஸ் ஏருஜினோசாவும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸும்தான் முன்னணியில் நிற்கும். இரண்டுமே படலம் கட்டுவதில் கைதேர்ந்தவை. சீழைக் கருவியால் உறிஞ்சி எடுத்துக் காதை உலர்த்திய பிறகு சொட்டு மருந்து விடுவதுதான் முதல் சிகிச்சை. சீழ் நிறைந்த காதில் மேலாகச் சொட்டு விட்டால் மருந்து படலத்தைத் தொடுவதே இல்லை, பலருக்கும் மருந்து "கேட்காமல்" போவதற்கு இது முக்கியக் காரணம். வீட்டில் செய்வதானால் சுத்தமான பஞ்சையோ மெல்லிய துணியையோ திரியாக உருட்டி, சீழை அது உறிஞ்சும்வரை வைத்து, நனையாமல் வரும்வரை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். காது குடையும் பட்ஸ் வேண்டாம். கடையில் பழைய சீட்டைக் காட்டி ஜென்டாமைசின் சொட்டு வாங்குவதையும் தவிர்க்கச் சொல்லுங்கள். ஓட்டை உள்ள காதில் அது உட்செவியைப் பாதிக்கக்கூடும்.

ஆனால் இத்தனை ஆண்டுகளாக வடியும் காதில் சொட்டு மருந்தோடு நின்றுவிட முடியாது. சீழ் துர்நாற்றம் அடிக்கிறதா, அளவில் குறைவாக ஆனால் விடாமல் வருகிறதா, தலைசுற்றல் உண்டா என்று கேளுங்கள். அப்படியிருந்தால் கொலஸ்டியடோமா என்னும் தோல் திரட்சி உள்ளே வளர்ந்து எலும்பை அரித்துக்கொண்டிருக்கலாம். அந்தத் திரட்சிக்குள்ளும் உயிரிப்படலங்கள் இருப்பதாக 2002இல் கண்டறிந்தார்கள். எந்தச் சொட்டும் அதன் உள்ளே எட்டாது. அறுவை சிகிச்சை செய்து அகற்றத்தான் வேண்டும். நுண்ணோக்கி வைத்துப் பார்க்கும் காது மருத்துவர் ஒருவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். கேட்கும் திறன் சோதனையும் தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேனும் எடுப்பார்கள். முகம் ஒரு பக்கம் கோணுவதோ, காதின் பின்புறம் வீங்குவதோ, கடுமையான தலைவலியுடன் காய்ச்சலோ வந்தால் வாரம் பார்க்காமல் அன்றே கூட்டிச் செல்லுங்கள்.

உங்கள் மகனைப் பொறுத்தவரை, கிராமெட் பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் தானாகவே வெளியே வந்து விழுந்துவிடும். தலைக்கு ஊற்றிக் குளிக்கவும் தெளிந்த நீச்சல் குளத்தில் மேலாக நீந்தவும் தடையில்லை. குளத்திலும் ஆற்றிலும் முங்கிக் குளிப்பதை மட்டும் குழாய் விழும்வரை தள்ளிப் போடுங்கள். அறுவைக்குப் பிந்திய செவித்திறன் சோதனையை இதுவரை எடுக்கவில்லை என்றால் அடுத்த முறை போகும்போது மறக்காமல் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் விழுந்தபின் மீண்டும் ஒருமுறை எடுக்கவேண்டும்.